நத்தார்ப் படத்தில் நீ நடந்து போனது

கற்பிட்டி,
மூன்று இராசாக்கள் திருநாளுக்கு மறுநாள், 2007

அன்பு மகன் யூஜினுக்கு அம்மா எழுதுவது,

தாய் அன்னம்மாளின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி அனஸ்தாசியாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் தடிமன் காய்ச்சல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் விடிந்தாலும் பொழுதுபட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, கடலுக்குப் போவதும் குறைவு. நேவிக்காரர் பாஸ் கொடுக்கிற நேரத்துக்குப் போய் அவர்கள் சொல்கிற நேரத்துக்கு வலையை இழுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும், மீனுக்கு இந்த நேரமெல்லாம் தெரியுமா என்று அவர் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்கிறார், நான்தான் மீனைப் பெற்று வளர்த்தவள் மாதிரி. தங்கச்சி சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போகிறாள், அவள் படிப்பிக்கிற இலட்சணத்தைக் கீழே சொல்கிறேன். பாலன் பிறந்த நத்தார் அன்று போன் எடுத்தபோது நீ இரண்டு விசயம் கேட்டாய். அனுப்பின படம் எப்படியிருந்தது என்று ஒன்று. நிரந்தரமாக இருக்கிற கார்ட் கிடைத்துவிட்டது, அடுத்த நத்தாருக்கு வரட்டோ அம்மா என்று மற்றது. இரண்டுக்கும் நான் லைன் சரியில்லை என்று சொல்லி போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மகன், எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதி, நீ படத்தைக் கொடுத்தனுப்பின சிலாபத்து நிக்கொலஸின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், அவன் இந்தக் கிழமை திரும்பிப் போகிறான். முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன், மற்றது பிறகு. எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு, இதை அப்படிப் பார்க்காதே.

படம் வந்த அன்றே அத்தாஉல்லாவின் கடையில் டிவிடி பெட்டி வாடகைக்கு எடுத்தோம். உன் அப்பா இருக்கிறாரே, அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? என் மகன் கனடாவில் படம் நடிக்கிறான் என்று சிலாபம் மீன் சந்தை வரைக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பின்னேரம் பார்த்தால் வீடு கொள்ளாத சனம், கதிரை போதாமல் பாய் விரித்து, பாய் போதாமல் வாசலில் நின்று, எல்லாரும் யூஜின்தான் கதாநாயகன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரன் கட்டம் போட்ட சேட்டோடு மரம் வெட்டிக்கொண்டு வந்ததும் ஒரு குஞ்சுப் பிள்ளை கேட்டது, யூஜின் அண்ணன் வெள்ளையாகிட்டாரோ என்று. எனக்குச் சிரிப்பும் வெட்கமும். தங்கச்சிதான் மொழிபெயர்ப்பு. படத்தில் வருகிற பெட்டையும் அந்த மரம் வெட்டுகிறவனும் ஒரு சோறு வேகிற நேரம் நின்று கதைக்கிறார்கள், இவள் திரும்பி, அவருக்கு இவவைப் பிடிச்சிருக்காம் என்கிறாள். அவ்வளவுதானா என்று கேட்டால், அவ்வளவுதான் அம்மா, மிச்சமெல்லாம் பிஸ்கட் சுடுற கதை என்கிறாள். இவளிடம் படிக்கிற பிள்ளைகளை ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும்.

நீ அனுப்பினது மூன்று படம், மூன்றும் ஒரே கதை. ஒரு பெட்டைக்குப் பெரிய பட்டணத்தில் உத்தியோகம், நத்தாருக்கு வேண்டாவெறுப்பாக ஊருக்கு வருகிறாள், பனி பெய்து ரோட்டு அடைபடுகிறது, முந்தித் தெரிந்த ஒருத்தன் எதிரே வருகிறான், முடிவில் பட்டணமும் வேண்டாம் உத்தியோகமும் வேண்டாம் என்று ஊரிலேயே நின்றுவிடுகிறாள். ஒன்றில் அவன் மரம் விற்கிறான், ஒன்றில் பேக்கரியில் பாண் போடுகிறான், மற்றதில் ஹோட்டல் வைத்திருக்கிறான். மூன்றாவது படத்துக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது, ஒருவரும் கவலைப்படவில்லை, மிச்சக் கதையை அயல்வீட்டுச் சித்தி லெய்லாவே சொல்லி முடித்தாள், கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால் ஒரு எழுத்துப் பிசகவில்லை. எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். நத்தார் நத்தார் என்று மூன்று படத்திலும் வாய் ஓயவில்லை, ஒன்றிலாவது பாலன் யேசுவைக் காணவில்லை மகன். பூசையில்லை, பூசை வைக்கச் சுவாமியில்லை, குடில் இல்லை, சிவப்பு உடுப்போடு அந்தத் தொந்திக்காரக் கிழவன்தான் எங்கே பார்த்தாலும். பிறகு இந்தத் தாய்மாரை ஏன் கொல்லுகிறார்கள்? மூன்று பெட்டைகளுக்கும் தாய் இல்லை, படம் தொடங்க முன்னமே செத்துப்போனார்கள், படத்தில் சிரிக்கிற போட்டோவாக மட்டும் இருக்கிறார்கள். தகப்பன்மார் மட்டும் கல்லுமாதிரி இருந்து பிஸ்கட் தின்கிறார்கள். உன் அப்பாவுக்கு அது நல்லாகப் பிடித்தது. பட்டணத்தில் அவளைக் கட்ட இருந்த அந்தப் பாவி மனுசன் என்ன செய்தான்? போனில் கதைத்தான், வேலை வேலை என்று ஓடினான், அது குற்றமா? ஊரைவிட்டுப் போய் உழைக்கிறவனுக்கு இந்தப் படங்களில் மரியாதையே இல்லை, எனக்கு அவனைப் பார்க்க உன்னைப் போலிருந்தது, அவனைத் தூக்கி எறிந்தபோது கோபம் வந்துவிட்டது.

ஆனால் நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை குட்டியோடு, அயலட்டையோடு கூசாமல் பார்க்கலாம், ஒரு முத்தம்தான், அதுவும் கடைசியில், அதற்கும் பனி வந்து மறைக்கிறது. அதைவிடப் பெரிது, படம் ஓடுகிற நேரம் முழுக்க ஒருவரும் சாகவில்லை. அதற்கு முன்னால் செய்தி போட்டார்கள், பஸ்ஸில் குண்டு, வாகரையில் ஷெல், அதற்குப் பின்னாலும் செய்தி போட்டார்கள், நடுவில் இந்தச் சனம் இரவிலே பயமில்லாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகுது. எங்களுக்கு நடுச்சாமப் பூசை இந்தமுறையும் பின்னேரமே முடிந்துவிட்டது, இருட்ட முதல் எல்லாரும் வீட்டுக்குள். சித்தி லெய்லா இப்போது அகதி முகாமைவிட்டு நம் பின்வளவுக்குப் பக்கத்தில் காணி எடுத்து வந்துவிட்டாள், தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தையெல்லாம் துரத்திவிட உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து இறங்கினாளே, அவள்தான். ஹஜ்ஜுப் பெருநாள் நத்தாரோடு ஒட்டி வந்ததால் பலகாரத் தட்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. மூன்றில் ஒரு படத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அப்படி என்னடி இருக்கு என்று கேட்டேன். போன ஆள் எத்தினை வருசம் கழிச்சு வந்தாலும் ஊடு அப்படியே இரிக்கி, சாமானெல்லாம் வச்ச எடத்துலயே இரிக்கி, அதத்தான் புள்ள நான் பாக்கிறன் என்றாள். நான் இன்னொருதரம் போட்டேன்.

படத்துப் பனியெல்லாம் ஆடி மாத வெயிலில் நுரை அடித்துக் கடதாசி தூவிச் செய்தது, கம்பளிக் கோட்டுக்குள்ளே வேர்த்து ஊற்றியது என்று நீ அப்போது போனில் சொன்னாய். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன், ஏனென்றால் உனக்குப் பனி செய்வது புதுத் தொழில் இல்லை. சின்னதில் எல்லாரும் குடிலுக்குப் பஞ்சு ஒட்ட, நீ மட்டும் பஞ்சு பனிமாதிரி இல்லை, பனி மினுங்கும் என்று அடம்பிடித்து, உப்பளத்தில் வேலை செய்த ஹாசிம் காக்கா கொண்டுவந்து தந்த உப்பைக் கூரை, புல்லு, ஆட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் தூவினாய். விளக்கு வைத்ததும் அது மினுங்கின மினுக்கம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது, பங்குச் சுவாமியே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு கடற்காற்றுக்கு உப்புக் கசிந்து, கடதாசி மலை ஊறிச் சரிந்து, சூசையப்பரின் தாடி கரைந்து ஓடியது, அப்பா உன்னை வளவைச் சுற்றித் துரத்தினார். இன்றைக்கும் அதே சூசையப்பர்தான், தாடி ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. இந்த வருசம் தங்கச்சி வடிவாகப் பஞ்சு ஒட்டினாள். அவள் குளிக்கப் போன நேரம் நான் ஒரு பிடி உப்பு எடுத்துக் கூரையில் தூவிவிட்டேன். நாளைக்குக் குடிலைப் பிரிக்க வேண்டும், மனம் வரவில்லை.

இனி நீ வந்த இடம். பட்டணத்துப் பெட்டை தெருவில் நின்று அவனைப் பார்க்கிறாள், எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். அவளுக்குப் பின்னால் ஒருவன் கறுத்தக் கோட்டும் சிவப்புச் சால்வையுமாக, நாடா கட்டின பெட்டியோடு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் ஒரு வீட்டுப் படியில் ஏறுகிறான். கதவு திறக்கிறது, உள்ளே மஞ்சள் வெளிச்சம், ஒரு பொம்பிளைக் கை வந்து அவன் தோளைப் பிடித்து உள்ளே எடுக்கிறது, கதவு சாத்துகிறது. அவ்வளவுதான். நான் ஐயோ என்ரை பிள்ளை என்று கத்திவிட்டேன். சனம் எங்கே எங்கே என்று கேட்பதற்குள் முடிந்துவிட்டது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அது ஆரோ சீனாக்காரன், எங்கட பொடியன் இவ்வளவு உயரமில்லை என்றார். வலது காலைக் குதியால் ஊன்றி முன்பாதத்தை மெல்ல இறக்கினாயே, திருக்கை முள் ஏறின அந்தக் காலை மடியில் வைத்துச் சுடுதண்ணி ஊற்றினவளுக்கா தெரியாது? நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. டிவிடி பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அந்த இடத்தை ஒருக்காப் போடு பிள்ளை என்று தங்கச்சியிடம் கேட்டார். நிப்பாட்டச் சொன்னார். கிட்டப் போய்க் குனிந்து நின்று சாரத் தலைப்பால் டிவி கண்ணாடியைத் துடைத்தார். தூசி என்றார். தூசி ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு உண்மையில் வந்தது பொறாமை மகன். உன்னை உள்ளே எடுத்த அந்தக் கைக்காரி யார், அவளுக்கு அன்றைய சம்பளம் கிடைத்திருக்கும், போய்விட்டிருப்பாள். அந்தக் கதவைத் திறக்க வேண்டியவள் நான். இந்தப் படங்களில் உள்ள பெரிய குறை இதுதான், வீட்டுக்கு வருவதை இவ்வளவு லேசாகக் காட்டிவிடுகிறார்கள், அதைப் பார்த்த பிறகு மனம் அடங்குதில்லை. உனக்கும் அதை நடித்ததால்தான் வரவேண்டும் என்ற எண்ணம் வந்ததோ தெரியாது. அந்தப் படத்து ஊரில் வழி மறிக்கிறது பனி மட்டும்தான். உடப்பு முருகேசு, அப்பாவிடம் கருவாடு எடுக்கிறவர், உனக்குத் தெரியும். அவருடைய மூத்தவன் டுபாயிலிருந்து போன ஆடித் திருவிழாவுக்குத் தீ மிதிக்க நேர்ந்துகொண்டு லீவில் வந்தான். பிளேனால் இறங்கினான், வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியில் வெள்ளை வான் ஒன்று மறித்ததாம், ஏற்றினது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. முருகேசு போட்டோவை வைத்துக்கொண்டு போகாத இடமில்லை. முந்தி ஒரு ரூபாய்க்கு ஒரு மணித்தியாலம் வாதாடுகிற மனுசன், இப்போது கருவாட்டுக்கு விலையே பேசுவதில்லை, சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அதைத்தான் அப்பாவுக்குப் பார்க்க முடியவில்லை. உன்னை ரவுண்டப்பில் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனபோது சிங்களத்தில் கதைத்து மீட்டுத் தந்த சுவாமியும் இப்போது வேறு பங்குக்கு மாறிப் போய்விட்டார்.

அதனால் வராதே மகன். அடுத்த நத்தாருக்கும் வராதே, நாங்கள் சொல்லும்வரை வராதே. இதை நான் போனில் சொல்லமாட்டேன், உன் குரலைக் கேட்டால் வா என்றுதான் என் வாய் சொல்லும், அப்படி எப்போதாவது சொன்னால் அதை எடுக்காதே, இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள். நீ வந்ததும் தலவிலை அன்னம்மாள் கோயிலுக்கு உன்னை நடத்திக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நேர்ந்திருந்தேன். போன கிழமை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், கொஞ்சம் பொறுத்துக்கொள் தாயே என்று. அவளும் பிள்ளை பெற்றவள்தானே, பொறுப்பாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் பாணைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. நிக்கொலஸிடம் நத்தாருக்குக் கிண்டின தொதலும் கொஞ்சம் கட்டாக் கருவாடும் கொடுத்திருக்கிறேன், அறையில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு. பாலன் யேசுவும் மாதாவும் அன்னம்மாளும் உன் கூடவே இருந்து, நீ படுக்கிற இடத்தையும் போகிற வழியையும் காக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. ஆடியில் திரும்பவும் படம் எடுக்கக் கூப்பிட்டால் போ. எந்த வீட்டுக்குள் போகச் சொன்னாலும் போ. கதவு திறக்க முதல் ஒருக்காத் திரும்பிப் பார், ஏசினால் ஏசட்டும், கண் மூடித் திறக்கிற நேரம் போதும், நான் முன்னாலேயே இருப்பேன். அப்பா பக்கத்தில் நின்று சொல்கிறார், வலப்பக்கமாத் திரும்பச் சொல்லு, வெளிச்சம் அந்தப் பக்கம்தான் என்று.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கத்தரினா