நீங்கள் பேசியபோது காமிரா பார்த்த இடம்

அக்கா, பரணில் கிடந்த பழைய வீடியோ லைட்டை இன்று எரியவிட்டுப் பார்த்தேன். சூட்டில் தூசி கருகும் வாசனை வந்தது. ஜெயங்கொண்டத்தில் லோக்கல் கேபிள் ஆபீஸ் மாடியில் நீங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்தேன்.

உள்ளாட்சித் தேர்தல் சமயம் அது. உங்கள் வார்டில் நின்ற இரண்டு பேரையும் நேரலையில் பேசவைத்தார்கள். எதிர்த்து நின்ற பழைய கவுன்சிலர் மேசையைத் தட்டினார், விரலை நீட்டினார், நீங்கள் வாய் திறக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்தார். நீங்களோ இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தீர்கள். பொம்பளை கையை ஆட்டிப் பேசினால் ஓட்டு விழாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீங்கள் ஜெயித்தாலும் ஆளப்போவது வீட்டுக்காரர்தான் என்பது ஊர்ப்பேச்சு. அதை மாற்ற உங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அதையும் கெடுக்கப் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோ. ஆண் பேசினால் முகம். பெண் என்றால் வளையல், கழுத்து, புடவைக் கரை, கடைசியில் புருஷன். பழக்கதோஷத்தில் அப்படியே எடுத்தேன். எதிரே இருந்த டிவியில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் பேசியிருக்கிறீர்கள். விளம்பரம் வந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏன் தம்பி, நான் குடிதண்ணியப் பத்திப் பேசுறேன், நீ என் வளையலப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. எனக்கென்ன வளைகாப்பா நடக்குது?"

பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகு உங்கள் முகத்தை விட்டு நகரவில்லை. கவுன்சிலர் மறுபடி குறுக்கிட்டபோது நீங்கள் குரலை உயர்த்தவில்லை. அவரையே பார்த்தபடி காத்திருந்தீர்கள். பேசப் பேச அவருக்கே தடுமாறியது, நிறுத்திவிட்டார். "முடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த கையைத் தூக்கி, தண்ணீர் வராத தெருக்களைப் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ணினீர்கள். ஒரு கை போதவில்லை.

ஜெயித்த மறுநாள் மிட்டாயோடு வந்தீர்கள்.

"ஜெயிச்சது கெடக்கட்டும் தம்பி. என்ன பொடவைன்னு ஒருத்தி கேக்கல. எங்க தெருவ ஏன் விட்டீங்கன்னு சண்டைக்கு வராளுவ."

அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் எந்த மணப்பெண் முகத்திலும் நான் எடுத்ததில்லை.

போன மாதம் உங்கள் இரங்கல் கூட்டத்தையும் நான்தான் எடுத்தேன். வார்டுப் பெண்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். பக்கத்திலேயே உங்கள் வீட்டுக்காரர் அழுதுகொண்டு நின்றார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அவர்கள் பேசி முடிக்கும்வரை, ஒருவர் முகத்தை விட்டும் காமிராவைத் திருப்பவில்லை அக்கா.