சந்தனத்துக்கு அடியில் இருந்த தேதி

அன்புள்ள அம்மாவுக்கு, முத்துச்செல்வி எழுதுவது. உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம், சூளகிரிக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்று எழுதுகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனி குக்கர் கைப்பிடியின் வடிவத்தை முதலாளி பத்து வருடம் முன்பு பதிவு செய்திருந்தார். அந்தச் சான்றிதழ் ஃபிரேம் போட்டு என் மேஜைக்கு மேலே தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பது என் வேலை. வேறு யாரும் அதே வடிவத்தைச் செய்யக்கூடாது என்ற பாதுகாப்பு பதினைந்து வருடம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். உண்மையில் பத்துதானாம், அது முடிவதற்குள் மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால்தான் மேலும் ஐந்து. பதிவுத் தேதியைச் சந்தனம் மூடியிருந்தது. போன வாரம் பத்து வருடமும் முடிந்துவிட்டது.

இன்று காலை எதிரே இருக்கும் போட்டிக் கம்பெனியின் ஷெட்டிலிருந்து அதே கைப்பிடி லாரியில் ஏறியது. "ஒரு வருசத்துக்குள்ள மனு போட்டு மீட்டுக்கலாம். ஆனா நடுவுல செஞ்சவன ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் வக்கீல். முதலாளி கத்தவில்லை. "நம்ம தேதி அவனுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார்.

என் டிப்ளமோ அசல் சான்றிதழை அனுப்பி வை, சும்மா கையில் இருக்கட்டும். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றும் வை.

போன மாதம் எதிர் ஷெட்காரர் ஒருவர் வந்து, சான்றிதழைப் படம் எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். படம் தெளிவாக விழட்டும் என்று சந்தனத்தைத் துடைத்துவிட்டது நான்தான். தேதியை நான் படிக்கவே இல்லை. முதலாளி உள்ளே ஆபீஸ் கேமராவின் போன மாதப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கூப்பிடுகிறார், அம்மா.

முத்துச்செல்வி