சத்தம் கேட்காத காதுகுத்து

இன்று காலை பால் வாங்கப் போனபோது கடைத்தெருவில் எனாமல் பெயிண்ட் வாசனை அடித்தது. உன் மைக் செட் கடை வாசலில் ஏணி போட்டு ஒருவர் பெயர்ப்பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்பதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உன் கல்யாணத்துக்கு முன்பே, பிறக்கப்போகும் பிள்ளைகளை நம்பி நீ எழுதி வைத்தது அது. பிறந்ததோ கவிதா ஒருத்திதான். “எழுதினது எழுதினதா கெடக்கட்டும் வாத்தியாரே” என்று கடைசிவரை ஓட்டிவிட்டாய். கீழே நின்றிருந்த கவிதா என்னைப் பார்த்ததும், “உங்க பிரண்டு எழுதினது அவரு மாதிரியே சார், லேசுல போவ மாட்டேங்குது” என்றாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

உத்திரமேரூரைச் சுற்றி எந்த விசேஷமானாலும் உன் மைக் செட்தான். போன இடத்தில் எது உயரமான மரமோ அதில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவாய். பாட்டு பக்கத்து ஊருக்குக் கேட்டால்தான் உனக்குத் திருப்தி. “பக்கத்து ஊருக்காரன் எழுந்து உக்காந்து, இன்னாடா அங்க விசேஷம்னு கேக்கணும் வாத்தியாரே. அதான் செட்டு!” என்பாய்.

நெஞ்சுவலி வந்து, இனிமேல் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, என்னைச் சாட்சியாக வைத்துக் கடைச் சாவியைக் கவிதாவிடம் கொடுத்தாய். பொழுது சாய்வதற்குள் திரும்ப வாங்கிவிட்டாய். மறுபடியும் கொடுத்தாய், மறுபடியும் வாங்கினாய். நான் பாடம் எடுத்த இரண்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சிலைக் கடன் கொடுக்கும். ஆனால் மறுமுனையை விடாது. வாங்கின பிள்ளையால் எழுதவும் முடியாது, அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கவிதாவின் நிலைமை அப்படித்தான் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் வயரைத் தொட்டால்கூட, “அத்த வுடு, நான் பாத்துக்கறேன்” என்று நீ எழுந்து வந்தாய்.

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று அவள் உன்னிடம் தெளிவாகச் சொன்னாள்:

“நைனா, ஞாயித்துக்கெழம ஏரிக்கு அந்தாண்ட காதுகுத்துக்கு நான் செட்டு போடறேன். நீ அங்க வந்து ஆம்ப்ளிஃபயர்ல கை வெச்சீனா, மறுநாளு நான் ஒரகடம் பஸ்ஸு ஏறிடுவேன். அப்பறம் கடைய நீயே கட்டிக்கினு அழு.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் வீட்டு மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாய். பாட்டு வந்தால் கேட்டுவிட்டுப் போவதாகத் திட்டம். வெயில் ஏறியது. ஏரியிலிருந்து கொக்குச் சத்தம்தான் வந்தது.

“செட்டு பூடுச்சி வாத்தியாரே! மானம் போவுது! எழுந்துரு!”

“நீ போனால் அவள் பஸ் ஏறிவிடுவாள்” என்றேன். அதற்குள் நீ வண்டியைக் கிளப்பிவிட்டாய். ஏரிக்கரை மேட்டில் உன் மொபெட்டின் பின்னால், விழாமல் இருந்தால் போதும் என்று நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் பந்தலுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் பெட்டி ஸ்பீக்கர்களை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். பாட்டும் தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்டது. குழந்தை தாய்மாமன் மடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மரத்தில் குழாய் இல்லை. நீ அண்ணாந்து பார்த்தபடி நின்றாய்.

கவிதா பார்த்துவிட்டாள். நேராக வந்தாள்.

“இன்னாத்துக்கு வந்த நைனா?”

“பத்திரிக வெச்சாங்கல்ல. நாஷ்டா துன்ன வந்தேன்.”

“லுங்கிய கட்டிக்கினா?”

“ஏன், லுங்கி கட்டிக்கினு வந்தா பொங்கல் போட மாட்டாங்களா? வா வாத்தியாரே!”

என் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார்ந்தாய். இலையில் வடை விழுந்த நேரம் மைக் ‘கீச்’சென்று கத்தியது. நீ பாதி எழுந்துவிட்டாய். கவிதா ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் இன்னொரு தடவை கத்தியது. நீ அவளைப் பார்த்தாய். பிறகு மெதுவாக உட்கார்ந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “தம்பி, இங்க இன்னும் கொஞ்சம் பொங்கல் வையி” என்றாய். அவள் சிரித்தபடி ஓடிப்போய் மைக்கைச் சரிசெய்தாள்.

இத்தனை வருடம் எத்தனையோ விசேஷங்களுக்குச் செட் போட்டவன், இடையில் எழுந்து ஓடாமல் இலையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தது அன்றுதான் என்று சொன்னாய். “கேசரிலாம் போடுவாங்களா வாத்தியாரே? நான் பாத்ததே இல்ல” என்றாய். அதன் பிறகு கவிதா ஒரகடம் பேச்சை எடுக்கவில்லை. நீயும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் பெருநகர் ஊர்த் திருவிழாவுக்கு இப்போது அவள்தான் செட் போடுகிறாள்.

என் மகன் பெங்களூரில் இருப்பது உனக்குத் தெரியுமே. சில வாரம் அவனிடமிருந்து போன் வராது. முன்பெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, வேலை எப்படி என்று நானே ஓயாமல் கூப்பிட்டு அவன் உயிரை வாங்குவேன். இப்போது என் மனைவி போனைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது, “செட்டு நன்றாகத்தான் ஓடுகிறது. பெட்டியை உள்பக்கம் திருப்பி வைத்திருக்கிறான், அவ்வளவுதான்” என்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். கை போன் பக்கம் போகும்போதெல்லாம், அன்று பந்தியில் நீ உட்கார்ந்த மாதிரி நானும் உட்கார்ந்து, ‘தம்பி, இன்னும் கொஞ்சம் பொங்கல் வையி’ என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.