இது போர்வை இல்லை, சாம்பிள்

ஆம்பூர்,
பிப்ரவரி 24

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே வெயிலில் வெந்துகொண்டு நலம், நீயும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் குளிரில் விறைத்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். வயிற்றில் இருப்பது உதைக்கிறதாமே, நல்லது, நன்றாக உதைக்கட்டும். போன் இருக்கும்போது இன்னாத்துக்கும்மா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு லிங்க் அனுப்புகிறாய், பார்சலுக்குள் வைத்த கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

குழந்தைக்கு ஒரு போர்வை பின்னிக் கொடும்மா என்றாய், சரி. அதற்கு எந்த நூல் வாங்க வேண்டும் என்று மூன்று பக்கம் பாடம் அனுப்பினாயே, படித்துப் புல்லரித்துப் போனேன். ஷூ கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் நூலும் ஊசியுமாகக் குப்பை கொட்டியவளுக்கு, சட்டைப் பட்டன் தைக்கக்கூட யூடியூப் பார்க்கிற மகள் வகுப்பு எடுப்பது பெருமைதானே. சுத்தமான ஆட்டுக் கம்பளி நூல்தான் வேண்டுமாம், அதுவும் பீஜ் கலராம். அது இன்னா கலர் என்று படத்தைப் பார்த்தால், ஷூவுக்குள்ளே லைனிங் போடுவோமே, அதே கலர். பிறக்கப்போவது குழந்தையா, ஒன்பதாம் நம்பர் பூட்ஸா? நான் இளம்பச்சை வாங்கிவிட்டேன், கோபப்பட்டுக்கொள்.

நூல் வாங்க வேலூருக்கு உன் அப்பாவையும் கூட்டிப்போனது என் புத்திசாலித்தனம். கடைக்காரர் ஒரு உருண்டையை எடுத்து வைத்து, நூற்றுக்கு நூறு கம்பளி என்று சத்தியம் செய்தார். தோலா ரெக்சினா என்று ஓரத்தைக் கொளுத்திப் பார்த்தே முப்பது வருஷம் டேனரியில் ஓட்டிய மனுஷன் சும்மா இருப்பாரா, ஒரு இழையைப் பிய்த்துக் கடையிலேயே தீக்குச்சி உரசிவிட்டார். அவருடைய கம்பளி பிளாஸ்டிக் மாதிரி உருகி மணியாகத் தொங்கியது. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் உள்ளே இருந்து நிஜக் கம்பளி வந்தது, அது முடி பொசுங்குகிற நாற்றத்தோடு யோக்கியமாக எரிந்தது. அதில் ஆறு அங்குலத்துக்கு ஒரு துண்டு பின்னி வாஷிங் மெஷினில் போட்டேன், நீ எதையும் கையால் துவைக்கிற ஜாதி இல்லை என்று தெரியும். நாலு அங்குலமாகச் சுருங்கிக் கால்மிதி மாதிரி வெளியே வந்தது. என் கழுத்தில் வைத்துப் பார்த்தால் அரிப்பு வேறு. புசுபுசுவென்று ஒன்று அழகாக இருக்கிறதே என்று வாங்கினால், அப்பா மோந்து பார்த்துவிட்டுப் பதினோரு தும்மல் போட்டார், அந்த முடியெல்லாம் குழந்தை வாய்க்குள்தான் போகும். தடிப் பருத்தி நூல் நனைந்தால் கோணிப்பை கனம். கடைசியில் பாதி பருத்தி, பாதி மிருதுவான அக்ரிலிக் கலந்த நூல் ஒன்று, மில்க் காட்டன் என்கிறார்கள், பத்துத் தடவை துவைத்தும் சுருங்கவில்லை, சாயம் போகவில்லை, கழுத்தில் உறுத்தவில்லை. குட்டி விரல் மாட்டக் கூடாது என்று பின்னலையும் நெருக்கமாகவே போட்டேன்.

போர்வை ஆரம்பிச்சியாம்மா என்று தினமும் கேட்கிறாயே, இல்லை, ஆரம்பிக்கவில்லை. பார்சலில் இருப்பது சாம்பிள். எங்கள் கம்பெனியில் ஒரு ஜோடி சாம்பிளைப் பார்த்து, ஆர்டர் கொடுக்கிற எந்தப் பையரும் தலையாட்ட மாட்டான், அதனால் இருபது துண்டு பின்னினேன். எல்லாம் ஒரே நூல், ஒரே அளவு, தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. பக்கத்து வீட்டு சைரா வந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா, சாம்பிளே இருபதா, பையர் ரொம்ப பேஜார் புடிச்ச ஆளா என்று கேட்டாள். ஆமாம்டி, என் மகள் என்றேன்.

சிரித்தது போதும். போன வருஷம் உனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போதே ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் பின்னி, தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்து அனுப்பினேன். ஏழாம் மாதம் பிள்ளை போய்விட்டது. பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி சேர்க்காதே என்று எத்தனை பேர் சொன்னார்கள், நான்தான் பெரிய விசுவாசி, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர்கள் வாயை அடைத்தேன். பாஸ்டர் கேட்டால் இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது ஜாஸ்மின். அடுத்த வாரம் உனக்கு ஏழாம் மாதம். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார், அதை நீ மறக்காதே. பயம் என் கைக்குத்தான். போர்வை என்று நினைத்து ஊசியை எடுத்தால் ஒரு வரிசைகூட ஓடாது, சாம்பிள் என்று நினைத்தால் ஓடுகிறது.

அதனால் நீ இந்தத் துண்டுகளை நாலுக்கு அஞ்சு என்று கட்டிலில் அடுக்கிப் பார்க்காதே, மாப்பிள்ளையையும் பார்க்கவிடாதே. டப்பாவிலேயே இருக்கட்டும். பிறந்ததும் சுற்ற, அப்பாவின் பழைய வேட்டியை நாலாகக் கிழித்துத் துவைத்து இதே பார்சலில் வைத்திருக்கிறேன், அது பழசுதான், பயமில்லை. இரும்பு மாத்திரையை வேளைக்குப் போடு, ஐஸ் மேல் நடக்கிற வீரமெல்லாம் வேண்டாம். ஆண்டவர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். துண்டுகளை இணைக்கிற நூல் பார்சலில் இருக்காது, தேடாதே. அங்கேயே வாங்கித் தைத்துவிடலாம் என்றும் நினைக்காதே, ஒரே தொட்டியில் முக்கிய சாய லாட் மாறினால் பச்சையோடு பச்சை சேராது. அந்த லாட்டின் கடைசி உருண்டை என்னிடம் இருக்கிறது. பிறந்ததும் எனக்குப் போன் போடு. நீ ஒன்றும் பேச வேண்டாம், குழந்தையை அழவிடு. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நானே தபால் ஆபீசுக்கு நடக்கிறேன்.

உன் அம்மா,
மெர்சி