முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

இன்று காலை சரஸ்வதிபுரத்தில் ஷட்டில் கோர்ட்டைத் தாண்டி நடந்தபோது உள்ளே யாரோ ஓங்கி அடித்த சத்தம் கேட்டது. பார்வையில்லாத என் இடது கண் சட்டென்று மூடிக்கொண்டது. அதற்கு இன்னும் அந்த அடி மறக்கவில்லை.

இரட்டையர் ஆட்டத்தில் நான் வலையோரம், நீ என் முதுகுக்குப் பின்னால். எதிராளி ஓங்குவதுபோல் ஓங்கி, பந்தை மெல்ல வலையோரம் இறக்கப் பார்த்தால் "சுள்ளு!" என்று கன்னடத்தில் கத்துவாய். பொய் என்று அர்த்தம். நான் முன்னே பாய்வேன். நீ கத்தாவிட்டால் வருவது நிஜமான அடி. மட்டையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வேன். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்குக் கொள்ளேகால் பேச்சில் சொன்னாய்: "மூஞ்சியும் கையும் பொய் சொல்லும்டா. இடுப்பு சொல்லாதல்லோ. நெசமா அடிக்கிறவனுக்கு அது முன்னாடியே திரும்பிரும்."

அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி மஞ்சு ஆளைப் பார்த்தே அடித்தான். என் தொண்டையில் ஒன்று, விலாவில் ஒன்று. உன் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். ஆனாலும் அவனுடைய ஏமாற்று ஒவ்வொன்றையும் நீ கத்திக் கெடுத்தாய்.

"என்ன குரு, உன் கண்ணை அவன்கிட்டயா குடுத்து வெச்சிருக்கே?" என்று வலைக்கு அப்பாலிருந்து என்னைக் கேட்டான்.

பிறகு எம்பினான். இடுப்பு அசையவில்லை. "சுள்ளு!" என்றாய். மட்டையைத் தாழ்த்தி முன்னே பாய்ந்தேன். இடுப்பைத் திருப்பாமலே, வெறும் தோளால் அடித்தான், உன்னை ஏமாற்றவே பழகியிருந்தான். இறகுப்பந்தின் தக்கை என் கண்ணில் இறங்கியது. நீ வலையைக் கிழித்துக்கொண்டு ஓடியதும், அவன் தோளில் ஏதோ முறிந்ததும் தரையில் கிடந்த என் காதில் விழுந்தன. மட்டையா, எலும்பா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில், "அவன் பொய் சொல்லலடா. நாந்தான் சொல்லிட்டேன்" என்றாய். அதன்பின் நீ மட்டையைத் தொடவில்லை.

"ஒத்தைக் கண்ணோட நானே வர்றேன், உனக்கென்னடா கேடு?" என்று உன் வாசலில் நின்று கத்தித்தான் இழுத்து வந்தேன். ஆடினாய், வாய் திறக்கவில்லை. பந்துகள் வலையோரம் செத்து விழுந்தன. மட்டையை உன் காலடியில் வீசி, "கத்துடா!" என்றேன். எடுத்துத் தந்துவிட்டு, அடுத்த பந்துக்குக் கத்தினாய், அழுகிற குரலில். முகத்தை மறைக்காமல் பாய்ந்தேன். பந்து கிடைத்தது.

பத்திரிகைக்கு எடுக்கும் பேட்டிகளில் இன்றும் நான் முகங்களைப் பார்ப்பதில்லை. நாற்காலியில் எப்படித் திரும்பி உட்காருகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

போன மாதம் உன் தம்பி போனில், "அண்ணன் போயிட்டாருங்க" என்றான். போனைப் பிடித்தபடி, முதுகுக்குப் பின்னால் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

நீ கத்தவில்லை.