பாலத்தடியில் கூப்பிட்ட பெயர்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். பயப்படாதே. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி. எதையும் நின்றுகொண்டே படிப்பது உன் பழக்கம். நிறைமாதத்தில் அது வேண்டாம்.

கால் வீக்கம் வடிந்ததா? டாக்டரம்மா சொன்ன மாதிரி இடது பக்கம் திரும்பித்தானே படுக்கிறாய்? மாப்பிள்ளை சமைக்கிறார் என்று சொன்னாய். ருசியாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தையல் கடையில் இருப்பது ஒரே மின்விசிறி. அதுவும் முதலாளியைப் பார்த்தபடியே நின்றுவிடுகிறது. ஊரில் உள்ள அத்தனை பேரும் முழுக்கைச் சட்டையை அரைக்கையாக்கித் தரச்சொல்லி வந்து நிற்கிறார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட நேரமில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன வாரம் போனில் நீ அழுதாய். "அப்பாவுக்கு என்மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் அவர் குளிக்கிறார், இல்லாவிட்டால் கடைக்குப் போயிருக்கிறார், இல்லாவிட்டால் தூங்குகிறார். "மாமா மாதிரி சுத்தமான மனுஷன் உலகத்துலயே கிடையாது" என்று மாப்பிள்ளை கேலி பண்ணினதாகச் சொன்னாயே, அன்றைக்கு அவரே அதைக் கேட்டுச் சிரித்தார். ஆமாம், கேட்டார். நீ கூப்பிடும்போது அவர் எங்கேயும் போவதில்லை. எனக்கு எதிரே சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் போடு என்று கையைக் காட்டுவார். நீ பேசி முடிக்கிறவரைக்கும் மேசைவிரிப்பை நீவி விட்டுக்கொண்டே இருப்பார்.

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை கண்ணு. அவருக்குக் குரல் கெட்டுப்போயிருக்கிறது. நீ முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் பேச மாட்டேன் என்கிறார்.

முதலில் சளி என்று நினைத்தோம். வாயால் பிழைக்கிற மனுஷனுக்குத் தொண்டை கட்டுவது புதிதா? கஷாயம் வைத்துக் கொடுத்தேன், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கரகரப்பு போகவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுத் தொண்டைக்குள் கட்டி என்றார்கள். நல்ல கட்டி இல்லை. குரல்வளையை அப்படியே எடுத்துவிட வேண்டுமாம். எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, தள்ளிப்போட்டால்தான் பயம் என்று டாக்டர் சொன்னார். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு வழி வைப்பார்கள். பேச்சு இருக்காது. ஆபரேஷன் இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை. உனக்கு நாள் குறித்திருப்பது அதற்கும் பின்னால். அந்த டாக்டர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல உன் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு எப்ப நாள் சொல்லியிருக்காங்க?"

உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவ இருக்கற நிலைமையில பறந்து வரவும் முடியாது, அங்க இருந்து அழவும் கூடாது. போன்ல ஒரு வார்த்தை போச்சுன்னா, நான் ஆபரேஷனுக்கே போகமாட்டேன்" என்றார். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இதைக் கடையில் உட்கார்ந்து, பட்டன் தைக்கிற மாதிரி குனிந்துகொண்டு எழுதுகிறேன். விரைவுத் தபாலில் முதலாளியின் மனைவி சேர்ப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது ஒரு நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை நான் படகில் போனேன்.

நம்பமாட்டாய். உன் அப்பா அந்தப் படகில் சுற்றுலாக்காரர்களுக்கு ஊரைக் காட்டிப் பேசத் தொடங்கியபோது நீ பால்குடி. அன்றிலிருந்து ஒரு நாள்கூட நான் அதில் ஏறினதில்லை. "அவர் பேச்சை வீட்டுல கேக்கறது போதாதா, தண்ணியில வேற போய்க் கேக்கணுமா?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தானே நான். பேசவே கூடாது என்று கண்டித்திருந்த டாக்டரிடம் அவர் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு பயணத்துக்குச் சம்மதம் வாங்கினார். அன்று காலையில் என் செருப்பை அவரே துடைத்து வாசலில் வைத்துவிட்டு, "கிளம்பு" என்றார். நான் வாதாடவில்லை. நான் வாதாடாததைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

நீலக்கூரை போட்ட படகு. மேல்தளத்தில் முதல் வரிசையில் எனக்கு இடம். படகை ஓட்டுகிறவனை உனக்கு நினைவிருக்கும், கழுத்து நீண்ட ஆள், அப்பா கொக்கு என்றே கூப்பிடுவார். அவன் வந்து என் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை வைத்துவிட்டுப் போனான், தளம் சுடுமாம். வெயில் அப்படித்தான் அடித்தது. ஆனால் துறையை விட்டு நகர்ந்ததுமே தண்ணீரிலிருந்து ஒரு காற்று எழும்பியது பார், எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தொப்பியைப் பறிகொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை, அதுதான் உண்மை.

தெருவில் நடந்தால் ஊரின் முகம்தான் தெரியும். ஆற்றிலிருந்து முதுகு தெரிகிறது. பெரிய ஓட்டலின் பின்படிக்கட்டில் சமையல்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வங்கியின் பின்பக்கம் முழுக்க யாரோ உள்ளாடைகளைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் கடையின் பின்ஜன்னலும் தெரிந்தது. அதன் வழியாக நாங்கள் தள்ளிவிடும் துண்டுத்துணிகள் ஒரு குன்றாக நிற்கின்றன. முதலாளியிடம் சொல்லி அதை அள்ளச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சின்னக் குரலில்தான் பேசினார். ஆனாலும் கேட்கிற மாதிரி பேசினார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. மணிக்கூண்டைக் காட்டி, "அது எப்பவும் தப்பா ஓடும், ஆனா ஒருநாளும் லீவு எடுத்ததில்ல, எங்க நகராட்சி மாதிரி" என்றார். அடுத்த வளைவில் பதிவு அலுவலகம் வந்தது. நாங்கள் கல்யாணக் கையெழுத்துப் போட்ட இடம். கொக்கு தானாகவே வேகத்தைக் குறைத்தான். "இந்தக் கட்டடத்துலதான் எனக்கு ஆயுள் தண்டனை குடுத்தாங்க" என்றார் உன் அப்பா. படகே சிரித்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் தினமும் என் மானத்தை ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை! நான் முறைத்தேன். வழக்கமாக அத்தோடு முடித்துவிடுவாராம், கொக்கு பிறகு சொன்னான். அன்றைக்கு மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்பீல் பண்ணணும்னு ஒருநாளும் தோணலீங்க" என்றார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி அவர் இடத்துக்கு ஆள் போடப்போவதில்லையாம். யாரோ ஒரு பெண் பேசினதைப் பதிவு செய்து ஓட விடப்போகிறார்கள். முதலில் இவரிடம்தான் கேட்டார்கள், உங்கள் குரலையே பதிவு செய்துகொள்ளலாமா என்று. முடியாது என்றுவிட்டார். "பதிவு பண்ணி வெச்சா, வெயில் கொளுத்தறப்ப என் குரல் மழை வரும்போல இருக்கேன்னு சொல்லும். பைத்தியக்காரன்னு நான் பேர் வாங்கணுமா?" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் நெடுநேரம் கொல்லைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பழைய கல் பாலம் வந்தது. அங்கே அவர் செய்வதைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரியாது. படகில் ஏறும்போதே ஒவ்வொரு குழந்தையிடமும் பேர் கேட்டு வைத்துக்கொள்வாராம். பாலத்தடியில் போனதும் மைக்கை அணைத்துவிட்டு, வெறும் தொண்டையில், ஒவ்வொரு பேராக வளைவுக்குள் கூப்பிடுவாராம். பேர் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். குழந்தைகளுக்கு அதற்காகவே இந்தப் படகு பிடிக்கும் என்றார் பக்கத்துக் கிழவர், அவர் பேரனோடு மூன்றாவது தடவையாக வருகிறாராம். அங்கே வேண்டாம் என்று கொக்கு கண்ணால் கெஞ்சினான். நானும் எழுந்து கையைப் பிடித்து இழுத்தேன். கேட்கிற ஆளா அவர்?

மூன்று பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டார். உன்னைச் சின்ன வயதில் தெருமுனையிலிருந்து கூப்பிடுவாரே, அதே குரல், அதே இழுப்பு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலாவதாக ஒரு பொடிப்பெண். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, தன் பேர் எப்போது வரும் என்று அண்ணாந்து நின்றாள். அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றார், அப்போதும் காற்றுதான். பாலத்தின் மறுபக்க வெளிச்சம் கிட்ட வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் கோணத் தொடங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையிடம் குனிந்து பேரைக் கேட்டு, எழுந்து நின்று நானே கத்திவிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும், துணி கிழிகிற மாதிரி இருக்கும். ஆனாலும் திரும்பி வந்தது. அவள் கை தட்டிக் குதித்தாள்.

உன் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. வெயிலுக்கு வந்ததும் மைக்கைப் போட்டு, "நமக்கு இன்னைக்கு ஒரு புது கைடு வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. சத்தம் ஜாஸ்தி, சம்பளம் கம்மி" என்று கிசுகிசுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இறங்கின பிறகு, கூட்டம் கலைந்த பிறகு, துறையின் சிமென்ட் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "எத்தனை பிள்ளைங்க பேரைக் கூப்பிட்டிருப்பேன். நம்ம பேரப்பிள்ளையை ஒருதடவை கூப்பிட முடியாமப் போயிடுச்சு பாரு." அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரோட்டில் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

அதனால்தான் கண்ணு, இந்தக் கடிதம். பிறப்பது பெண்ணோ ஆணோ, இரண்டுக்கும் பேர் முடிவு செய்துவிட்டோம், ஆனால் பிறக்கிறவரைக்கும் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று நீயும் மாப்பிள்ளையும் கண்டிஷன் போட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். எனக்குச் சொல்ல வேண்டாம். மாமியாருக்கும் சொல்ல வேண்டாம். அவருக்கு மட்டும் சொல்.

கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, காய் வாங்கணும் என்று வெளியே போய்விடுவேன். நீ அழாதே. ஆபரேஷனைப் பற்றிக் கேட்காதே. உனக்கு ஒன்றும் தெரியாது. அவர் பேசாமல் இருந்தாலும் அங்கேதான் இருக்கிறார், அதனால் நீ பாட்டுக்குப் பேசு. "அப்பா, இந்தப் பேர் கூப்பிட நல்லா இருக்கான்னு பாருங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, இரண்டு பேரையும் சொல். சொல்லிவிட்டு, போனை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு காத்திரு. கரகரப்பாகத்தான் இருக்கும். உடனே வராது. அவசரப்பட்டு வைத்துவிடாதே.

மனசைத் திடமாக வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன் பிள்ளையும் குறையில்லாமல் இரண்டு உடம்பாகி எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பிரார்த்தனை இல்லை. பேர் என்னவென்று நான் அவரிடம் கேட்க மாட்டேன். தெருமுனை வரைக்கும்தான் போவேன், அவர் கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

உன்
அம்மா