பதினேழாம் நம்பர் தட்டு

செப்டம்பர் 9, 1968

தராசும் அட்டைக்கட்டுமாக ராயபுரம் முழுக்க அலைச்சல். நாற்பது தாண்டிய ஆண்கள் சாப்பிடுவதை எடை போட்டு ஆளுக்கொரு அட்டையில் எழுத வேண்டும். துறைமுகத்து ஆட்களுக்கு மாரடைப்பு அதிகம், நெட்டுக்குப்பத்து மீனவர்களுக்குக் குறைவு. ஏன்? அதுதான் ஆராய்ச்சி. தராசைப் பார்த்த ஒருத்தி, "வஞ்சிரம் கீதா, மீன்காரம்மா?" என்றாள். என் தலையெழுத்து.

பதினேழாம் நம்பர் அட்டை, கிரேன் ஓட்டும் சிலுவைமுத்து. குவியலாகச் சோறு, கொழுப்போடு மாட்டுக்கறி, கருவாடு. மிச்சம் எலும்பு மட்டும்; தட்டோரம் வரிசையாக அடுக்கிவைப்பார். நாற்பது கிராம்.

செப்டம்பர் 14

சிலுவைமுத்து நேற்று போய்விட்டார். கிரேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். நாற்பத்து நாலு வயதுதான்.

செப்டம்பர் 20

அட்டையை மூடப் போனேன். மனைவி அடைக்கலமேரி விடவில்லை. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் செத்தவர் பங்கை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவது அவர்கள் வீட்டு வழக்கமாம். "நீ எடை போடு பிலோமி. அட்டைல பேரு இருந்தா ஆளு கீறாருன்னுதானே?" அழுகிறவளிடம் என்ன பேசுவது? போட்டேன். எழுநூற்று இருபது.

கதவைச் சாத்திவிட்டுப் புழக்கடைப் பக்கம் போனாள். அரை மணி கழித்துத் தட்டை எடுத்துவந்தாள். காலி. ஓரத்தில் எலும்புகள், வரிசையாக. நாற்பது கிராம்.

தராசு கெட்டுவிட்டதா? எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 27

செத்தபின் இரண்டாம் தடவை. மறுபடி நாற்பது. மேற்பார்வையாளர் நீலமேகம், "செத்தவன் அட்டைய ஏம்மா மூடல?" என்று கத்தினார். என்னத்தைச் சொல்ல — ஆள் இன்னும் சாப்பிடுகிறார் என்றா?

அக்டோபர் 4

இன்று சத்தமில்லாமல் புழக்கடைப் பக்கம் போனேன். உள்ளறைக்கு அங்கேயும் ஒரு கதவு. இருட்டில் சம்மணமிட்டு, அவர் தட்டிலிருந்து வாரி வாரித் தின்றுகொண்டிருந்தாள் அடைக்கலமேரி. ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் உப்பும் கொழுப்பும் கூடாதென்று சொல்லி, கூழோடு நிறுத்தியிருந்தவள். எலும்பை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"மிச்சம் வெச்சா அவரு வர்லன்னு ஆய்டும்ல" என்றாள். கால் வீங்கியிருந்தது. மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "பூசை முடியட்டும்."

நீலமேகத்திடம் சொன்னேன். "பொம்பளைங்களுக்கு அட்டை கெடையாதும்மா" என்றார்.

அக்டோபர் 11

பூசைக்கு இரண்டு நாள் இருக்க, அடைக்கலமேரியும் போய்விட்டாள். அவளைத் தரதரவென்று இழுத்துப்போயிருக்க வேணாமா நான்? போனபோதெல்லாம் எடை போட்டேனே, பாவி. நான் போடப் போடத்தான் தின்றாளோ?

அக்டோபர் 15

துக்கம் விசாரிக்கப் போனேன். தராசு கொண்டுபோகவில்லை. மகள் அம்மு — பதினெட்டு வயது, ஒற்றைப் பெண் — சமையலறையிலிருந்து வந்தாள். கையில் இரண்டு தட்டு. இரண்டிலும் கறி, கருவாடு. அம்மா சாவில் அப்பாவின் பூசையும் தள்ளிப்போய்விட்டதாம்.

"தராசு எங்கக்கா?"

உள்ளறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். "இங்கயே குந்து அம்மு. கதவு சாத்த வேணாம்."

"எந்திரிக்கா. அம்மா காத்துகினு கீது."

நான் எழுந்திருக்கவில்லை. அவளும் நகரவில்லை. சோறு ஆறி, தட்டுகளில் கொழுப்பு வெள்ளையாக உறைகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.